பாதையும் பெயர்ப்பும்: ஆக்டேவியோ பாஸின் கலை, பயண, பண்பாட்டுச் சிந்தனைகள்

1. முன்னுரை

மெக்சிகோ நாட்டுக் கவிஞர் ஆக்டேவியோ பாஸ் (1914-1998) 1990ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர். 1951ஆம் ஆண்டின் இறுதியில் தூதரக அலுவலராக முதன்முறை இந்தியா வந்து சில மாதங்கள் தங்கினார். பின்னர் 1962 முதல் 1968 வரை தம் நாட்டின் தூதராகப் புதுதில்லியில் பணியாற்றினார். 1968 அக்டோபர் 2ஆம் நாள் மெக்சிகோ நகரின் திலாதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்மீது அரசுப் படைகள் சுட்டதைக் கண்டித்து அப்பதவியிலிருந்து விலகினார். இவ்விரு தங்கல்களின் பயனாக 'கிழக்குச் சரிவு' (1969) என்னும் கவிதைத் தொகுதியும், 'இணைவுகளும் பிரிவுகளும்' (1969) என்னும் பண்பாட்டு ஆய்வும், ராஜஸ்தானத்துக் கல்தா என்னும் ஊருக்குச் செல்லும் பாதையைக் களமாகக் கொண்ட உரைநடைக் காவியமும், முதுமையில் எழுதிய 'இந்தியக் கீற்றுகள்' (1995) என்னும் நூலும் தோன்றின.

பாஸின் கலை விமரிசனம், பயண எழுத்து, பண்பாட்டு ஆய்வு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்குவது பெருவழக்கு. அவற்றை ஒரு நூலில் கோப்பது மொழிபெயர்ப்புப் பற்றிய அவரது கொள்கையே என இக்கட்டுரை கருதுகிறது. அக்கொள்கையின் வலிமையையும் அதில் எஞ்சி நிற்கும் ஒரு குறையையும் எடுத்துக்காட்டுகளின் வழி ஆராய்வது இதன் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகள் தமிழோடு உண்மையான தொடர்புடைய இடங்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டுள்ளன.

2. மொழிபெயர்ப்புக் கொள்கை

மொழிபெயர்ப்புப் பற்றிப் பாஸ் எழுதிய கட்டுரை 1971இல் வெளிவந்தது. அதன் தலைப்பு இலக்கியம், சொல்லுக்குச் சொல் நேர்மை என்னும் இரண்டையும் எதிரெதிர் நிறுத்துவது. பேசக் கற்பதே மொழிபெயர்க்கக் கற்பதுதான் என்பது கட்டுரையின் தொடக்கக் கருத்து. ஒரு சொல்லின் பொருளைத் தாயிடம் கேட்கும் குழந்தை, அறியாத சொல்லைத் தான் அறிந்த எளிய சொற்களால் பெயர்த்துத் தருமாறே கேட்கிறது. எனவே ஒரு மொழிக்குள் நிகழும் பெயர்ப்புக்கும் இரு மொழிகளுக்கிடையே நிகழும் பெயர்ப்புக்கும் இயல்பில் வேறுபாடில்லை. மொழியே சொல்லற்ற உலகின் பெயர்ப்பு என்றும், ஒவ்வொரு பனுவலும் தனித்தன்மை உடையதாக இருக்கும்போதே மற்றொரு பனுவலின் பெயர்ப்பாகவும் இருக்கிறது என்றும் அவர் மேலும் கூறுகிறார்.

இக்கருத்தில் ரோமன் யாக்கப்சனின் செல்வாக்கைக் காணலாம். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது முடியாத செயல் என்று பாஸ் கூறவில்லை. அது மூலத்தைப் படிக்க உதவும் ஒரு சொற்பட்டியல், அகராதியோடு உறவுடைய ஒரு கருவி என்பதே அவர் முடிபு. குறிப்புப் பொருள்கள் ஒரு மொழிக்கே உரியவை, ஆதலின் கவிதை பெயர்க்க இயலாதது என்னும் பிரெஞ்சு மொழியியலறிஞர் ஜார்ஜ் மூனனின் கருத்தை அவர் மறுக்கிறார். வேறுபட்ட கருவிகளைக் கொண்டு ஒத்த விளைவுகளைத் தோற்றுவிப்பதே கவிதைப் பெயர்ப்பின் இலக்கு என்னும் பால் வலேரியின் கருத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார்.

கவிஞரின் செயலையும் பெயர்ப்பாளரின் செயலையும் பாஸ் ஒப்பிடும் பகுதி இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. கவிஞர் ஓடிக்கொண்டிருக்கும் மொழியிலிருந்து சில குறிகளை எடுத்து, இடம் மாறாதவாறு நிறுத்துகிறார். பெயர்ப்பாளர் எதிர்த்திசையில் செல்கிறார். நின்றுவிட்ட குறிகளைக் கட்டவிழ்த்து மீண்டும் ஓடவிட்டு, மற்றொரு மொழியில் திரும்ப நிறுத்துகிறார். கவிதையைப் பெயர்க்க வல்லவர் கவிஞரே ஆயினும் நல்ல பெயர்ப்பாளராக அமையும் கவிஞர் மிகச் சிலரே என்றும் பாஸ் கூறுகிறார். பிறர் கவிதையைத் தம் கவிதைக்கு ஏணியாகக் கொள்வது கவிஞரின் பொதுக் குறை என்பது அதற்கு அவர் காட்டும் காரணம்.

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்து, அதனை 'அதர்ப்பட யாத்தல்' என்று குறிப்பது இங்கு ஒப்புநோக்கற்குரியது. அதர் என்பது வழி, பாதை. மூலத்தைச் சிதைத்து வேறொன்றாக்காமலும் அதன் சொற்களிலேயே தேங்கி நில்லாமலும், நெறி பிறழாது கட்டுவதே பெயர்ப்பு என்பது அக்குறியீட்டின் கருத்தாகலாம். பெயர்ப்பும் பாதையும் ஒன்றையொன்று விளக்கும் நிலையைப் பாஸின் பயண எழுத்திலும் காண்கிறோம்.

3. பயணம்: மதுரை பற்றிய கவிதை

'கிழக்குச் சரிவு' தொகுதியில் மதுரை, உதகமண்டலம், கொச்சி, குமரிமுனை ஆகிய தென்னிந்திய இடங்களைத் தலைப்பில் ஏந்திய கவிதைகள் உள்ளன. இவற்றுள் மதுரைக் கவிதை அளவில் சிறியது. அங்கதச் சுவை மிக்கது. ஆங்கிலேயர் போய்விட்ட பின்னும் பெயர் மாறாத ஒரு மன்றத்தில் உள்ளூர்ப் பெருமகனார் ஒருவர் பழச்சாறு அருந்தியவாறு பேசுகிறார். தம் நகரின் பெருங்கோயிலையும் அங்குள்ள மோட்டார் பணிமனையையும் ஒரே மூச்சில், ஒரே பெருமிதத்தோடு சொல்கிறார். இரண்டும் தத்தம் வகையில் நாட்டிலேயே பெரியவை என்பது அவர் கூற்று. பேச்சின் இடையிடையே அடைப்புக்குறிகளுக்குள் மற்றொரு குரல் ஒலிக்கிறது. அது தேவியை நினைக்கும் கவிஞரின் குரல்.

அடைப்புக்குறிக்குள் வரும் தொடர்களுள் ஒன்று தேவியின் கண்களை இரு மீன்கள் என்கிறது. ஸ்பானிய வாசகருக்கு இது புதிய, துணிவான உருவகம். உண்மையில் இங்கு நிகழ்வது மீனாட்சி என்னும் பெயரின் பெயர்ப்பேயாகும். பெயருக்குள் உறைந்து, வழங்குவோர் நினைவில் மங்கிவிட்ட உருவகத்தைப் பாஸ் கட்டவிழ்த்து மீண்டும் ஓடவிடுகிறார். முந்திய பகுதியில் கண்ட பெயர்ப்பாளரின் செயல் இங்குக் கவிதையாக்கத்தின் உத்தியாகவே அமைகிறது.

இக்கவிதையைத் தமிழில் பெயர்ப்போர் ஒரு சிக்கலைச் சந்திப்பர். பெயரையும் அதன் விளக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தால், தமிழ் வாசகருக்கு அது தெரிந்ததையே திரும்பச் சொல்வதாகும். அங்கயற்கண்ணி என்னும் பெயரை வழங்கும் மொழியில் கண்ணும் கயலும் ஏற்கெனவே ஒரு சொல்லாகிவிட்டன. ஸ்பானிய மொழியில் வியப்பைத் தந்த தொடர் தமிழில் வெறும் பொருளுரையாகச் சுருங்கும். சொல் நேர்மை காக்கப்படும், விளைவு ஒத்திராது. தீர்வு அடைப்புக்குறியின் பணியை உணர்வதில் உள்ளது. அது தகவல் தரும் இடமன்று, இரண்டாவது குரல் ஒலிக்கும் இடம். ஆதலின் பெயர்ப்பாளர் முதற்குரலுக்கு வணிக வழக்கையும் இரண்டாம் குரலுக்குத் துதிப்பாடல்களின் நடையையும் அளித்து, நடை வேறுபாட்டினால் அவ்வியப்பை மீட்கலாம். மூலத்தில் உருவகம் செய்த பணியைப் பெயர்ப்பில் நடை செய்கிறது. வலேரி கூறிய 'வேறுபட்ட கருவிகள்' என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. இலக்கணமும் குரங்கும்

பாஸின் இந்தியத் தொடர்பால் விளைந்தவற்றுள் மொழியியலார்க்கு மிக நெருக்கமானது கல்தாவைப் பற்றிய நூல். 1970இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எழுதப்பட்ட இது, முதலில் 1972இல் பிரெஞ்சுப் பெயர்ப்பாகவும் பின்னர் 1974இல் ஸ்பானிய மூலமாகவும் வெளியாயிற்று. மூலத்திற்கு முன்பே பெயர்ப்பு உலகிற்கு வந்தது இந்நூலின் பொருளோடு பொருந்துவது. ஜெய்ப்பூர் அருகே இடிபாடுகளும் குரங்குகளும் நிறைந்த கல்தாவை நோக்கிச் செல்லும் பாதை, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பனுவல், காதலியின் உடல் ஆகிய மூன்றும் இந்நூலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நடக்க நடக்கப் பாதை கரைவதைப் போலப் படிக்கப் படிக்கச் சொற்களும் கரைந்து அடுத்த சொற்களுக்கு இடம் விடுகின்றன.

நூற்பெயரிலுள்ள இரு ஸ்பானியச் சொற்களில் முதலாவது குரங்கைக் குறிப்பது. இரண்டாவது 'இலக்கண அறிஞன்' எனப் பெயராகவும் 'இலக்கணத்திற்குரிய' எனப் பெயரடையாகவும் நிற்க வல்லது. 1972இன் பிரெஞ்சுப் பெயர்ப்பும் ஹெலன் லேனின் ஆங்கிலப் பெயர்ப்பும் (1981) முதற்பொருளையே தெரிந்துகொண்டன. தமிழில் 'இலக்கணக் குரங்கு' என்னும் தொகைச்சொல் ஸ்பானியத் தொடரின் இருபொருள் நிலையைப் பெரிதும் காக்கும். ஆனால் பேச்சுவழக்கில் அது எள்ளலாக ஒலிக்கும் இடர்ப்பாடு உண்டு.

மற்றொரு வழியையும் தமிழ் தருகிறது. வடமொழியில் குரங்கைக் குறிக்கும் 'கபி', பாடுவோனைக் குறிக்கும் 'கவி' என்னும் இரண்டும் வேறு சொற்கள். உயிர்களுக்கிடையே வரும் பகரம் வகரமாகத் திரியும் வழக்கால் இரண்டும் தமிழில் 'கவி' என ஒருவடிவம் பெற்றன; தபம் தவமானதும் பாபம் பாவமானதும் இவ்வகையே. கம்பராமாயணத்தில் வானரரைக் குறிக்கவும் கவி என்னும் சொல் ஆளப்படுகிறது. எனவே 'இலக்கணக் கவி' என்னும் பெயர் குரங்கையும் கவிஞரையும் ஒருசேரச் சுட்டும். அனுமனில் தம்மையே காணும் ஒரு கவிஞரின் நூலுக்கு இது பொருத்தமான தற்செயல். மூலத்தில் இச்சிலேடை இல்லை. எனினும் மூலத்தின் மையக் கருத்தைத் தமிழ் ஒரே சொல்லில் வெளிப்படுத்துகிறது. பெயர்ப்பில் இழப்பையே எண்ணிப் பார்க்கும் வழக்கத்திற்கு மாறாக, இஃது ஈட்டத்தின் எடுத்துக்காட்டு. இன்றைய வாசகர் பலர் 'கவி'யில் குரங்கைக் காணமாட்டார் என்பது உண்மையே. அட்டைப் படமோ முன்னுரையோ அந்நினைவை மீட்க வேண்டியிருக்கும்.

5. கலை: நின்ற கணம்

கல்தா நூலில் ரிச்சர்ட் டாட் என்னும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரின் படமொன்றைப் பாஸ் விரிவாக நோக்குகிறார். புல்லிடையே நிறைந்த சிற்றுருவங்களின் நடுவே ஒருவன் கொட்டையொன்றைப் பிளக்கக் கோடரியை ஓங்கி நிற்கிறான். அக்கோடரி என்றும் இறங்குவதில்லை. நிறுத்தப்பட்ட குறிகளே கவிதை என்னும் கருத்தின் ஓவிய வடிவம் இது. காண்போர் ஒவ்வொருவரும் அக்கோடரியைத் தம் மனத்தில் இறக்கிப் பார்க்கிறார்கள். பெயர்ப்பாளர் அதனை மொழியில் செய்கிறார்.

மார்சல் டூஷாம்ப் பற்றிப் பாஸ் எழுதிய ஆய்வுகள் (1968, 1973), கலை தன்னையே விமரிசிக்கும் நவீன நிலையை ஆராய்பவை. இந்தியக் கலையில் அவரது ஈடுபாடு அவற்றினும் நேரடியானது. 1963இல் தில்லியில் நேருவால் திறந்துவைக்கப்பட்ட '1890 குழு'வின் ஓவியக் கண்காட்சிக்குப் பாஸ் அறிமுகவுரை எழுதினார். பாவ்நகரில் அவ்வோவியர்கள் கூடிய வீட்டின் எண்ணே குழுவின் பெயராயிற்று. சிம்லாவில் பிறந்த தமிழரான ஜெ. சுவாமிநாதன் (1928-1994) அதன் கொள்கை வகுத்தவர். சென்னை ஓவியர் ரெட்டெப்ப நாயுடுவும் அதில் இடம்பெற்றிருந்தார். மேலை நவீனத்தைப் படியெடுப்பதையும் பழமையை அலங்காரமாக்குவதையும் அக்குழு ஒருங்கே மறுத்தது. முன்னது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பின்னது பெயர்ப்பே மறுத்த மூலவழிபாடு. இரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியைத் தேடிய இளைஞரிடம் பாஸ் தம் மெக்சிகோவின் சிக்கலையே கண்டார். சுவாமிநாதனைப் பற்றி அவர் கவிதையும் எழுதினார். பிற்காலத்தில் போபாலின் பாரத் பவனில் ரூபங்கர் அருங்காட்சியகத்தை அமைத்தபோது சுவாமிநாதன் பழங்குடியினர் கலையையும் நகர்சார் நவீனக் கலையையும் ஒரே கூரையின்கீழ்ச் சமகாலக் கலையாக வைத்தார். வெவ்வேறு காலங்கள் ஒரே நிகழ்காலத்தில் வாழ்கின்றன என்னும் கருத்து நிறுவன வடிவம் பெற்றதற்கு அது சான்று.

6. சமகாலப் பண்பாடு

அக்கருத்தே பாஸின் நோபல் உரைக்கும் (1990) அடித்தளம். எதிர்காலத்தை வழிபட்ட நவீனம் தளர்ந்துவிட்டது, இனித் தேட வேண்டியது நிகழ்காலமே என்பது அவ்வுரையின் சாரம். அதே ஆண்டில் வெளிவந்த 'மற்றைக் குரல்' என்னும் நூலில், சந்தையின் ஆட்சி எண்ணிக்கையை மட்டுமே மதிக்கிறது என்றும், சிலரே படித்தாலும் கவிதை ஒரு சமுதாயத்தின் நினைவாக நிற்கிறது என்றும் வாதிடுகிறார். கருத்தியல் ஆட்சிகளை எதிர்த்த அதே உறுதியோடு சந்தையையும் அவர் கேள்விக்கு உட்படுத்தியது குறிப்பிடத்தக்கது. வாசகர் எண்ணிக்கையைக் கொண்டே மொழிபெயர்ப்பு நூல்களின் தேவை அளக்கப்படும் சூழலில் இவ்வாதம் மொழிபெயர்ப்பாளர்க்கு அயலானதன்று.

'இந்தியக் கீற்றுகள்' என்று இங்குக் குறிப்பிடப்படும் நூலின் ஸ்பானியத் தலைப்பு, மங்கிய ஒளியில் அரைகுறையாகத் தெரிவனவற்றைச் சுட்டுவது. 1997இன் ஆங்கிலப் பெயர்ப்பு அதனை இந்தியாவின் ஒளியில் எழுதப்பட்டது என்னும் பொருள்பட மாற்றியது. மூலத்தின் தலைப்பிலிருந்த அடக்கம் அதில் மறைந்தது. ஒளியையும் துண்டையும் ஒருங்கே உணர்த்தும் 'கீற்று' என்னும் தமிழ்ச்சொல் மூலத்திற்கு நெருங்கி வருகிறது.

அந்நூலில் உணவைப் பற்றிய பகுதி மொழியியலார் நோக்கிற்கு உரியது. மேலை விருந்தில் உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்தியாவில் அனைத்தும் ஒரே தட்டில் ஒருங்கே கூடுகின்றன. முன்னது காலத்தொடர் அமைப்பு, பின்னது ஒருகால அமைப்பு என்பது பாஸின் பகுப்பு. மெக்சிகோவின் மோலேயையும் இந்தியக் குழம்பு வகைகளையும் அவர் இணைத்துக் காண்பதும் சுவையானது. ஆனால் தமிழ்நாட்டு வாழையிலைச் சாப்பாடு இப்பகுப்புக்குள் அடங்குவதில்லை. கறியும் கூட்டும் பச்சடியும் ஊறுகாயும் இலையில் ஒருங்கே இருக்கின்றன. சோறோ சாம்பார், ரசம், மோர் என வரிசை தவறாமல் நடக்கிறது. கிடக்கைத் தொடர்பும் அடுக்குத் தொடர்பும் ஒரே இலையில் செயற்படுகின்றன. அவ்வகையில் அது ஒரு வாக்கியத்தை ஒத்தது.

7. மதிப்பீடு

மேற்கண்ட எடுத்துக்காட்டு பாஸின் முறையியலில் உள்ள பொதுவான ஓர் இயல்பைக் காட்டுகிறது. உடல்/உடலின்மை, நிறைவு/வெறுமை என இருமைகளால் சிந்திப்பது அவர் வழக்கம். 1967இல் லெவி-ஸ்ட்ராஸ் பற்றி நூல் எழுதியவரிடம் இது எதிர்பார்க்கத்தக்கதே. இருமைகள் ஒப்பீட்டிற்கு வழி திறக்கின்றன. ஆயினும் பன்மொழி நாடொன்றை அவற்றுக்குள் அடைக்கும்போது உள்வேறுபாடுகள் மறைகின்றன. இந்தியக் கவிதையைப் பற்றிப் பேசும்போது பாஸ் முதன்மையாக வடமொழிக் காவிய மரபையே முன்னிறுத்துகிறார். ஏ. கே. இராமானுஜனின் குறுந்தொகைப் பெயர்ப்புகள் 1967இலேயே ஆங்கிலத்தில் நூலாக வந்திருந்தன என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இரண்டாவது, இடைமொழிச் சிக்கல். பாஸ் வடமொழி அறிந்தவரல்லர். அவர் ஸ்பானிய மொழியில் தந்த வடமொழித் தனிப்பாடல்கள் ஆங்கிலப் பெயர்ப்புகளின் துணையால் அமைந்தவை. டேனியல் இங்கால்ஸ் (1965), ஜான் ப்ரௌ (1968) போன்றோரின் தொகுப்புகள் அப்போது கிடைத்தன. எல்லாப் பனுவலும் பெயர்ப்பின் பெயர்ப்பே எனில் மூலமொழியை அறியாதவர் பெயர்ப்பதும் குற்றமன்று எனச் சிலர் முடிவு கட்டக்கூடும். பாஸின் சொந்த நடைமுறையே அதனை மறுக்கிறது. பாஷோ 1689இல் மேற்கொண்ட வடநாட்டு நடைப்பயணத்தின் பதிவை அவர் ஐகிச்சி ஹயாஷியாவுடன் இணைந்தே ஸ்பானிய மொழிக்குப் பெயர்த்தார் (1957). மேலை மொழியில் அந்நூலின் முதற்பெயர்ப்பாக அது கருதப்படுகிறது. மூலமொழி அறிந்த ஒருவரும் இலக்குமொழியின் கவிஞர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உருவாக்கிய அம்முறை, ஆங்கிலத்தின் வழியே உலக இலக்கியத்தைப் பெறும் இந்திய மொழிகளுக்கு அவரது கொள்கையினும் பயனுடைய பாடம் எனலாம்.

மூன்றாவது குறையே அடிப்படையானது. இலக்கணம் வல்ல அனுமனைப் பாஸ் எடுத்தாண்டது டௌசனின் புராண அகராதிக் குறிப்பிலிருந்து. இலக்கண ஆசிரியருள் ஒன்பதாமவன் என்னும் செய்தியும் கடல் தாவிய செய்தியும் அங்கிருந்து வந்தவை. அவரது அனுமன் உலகைப் பனுவலாகப் படிக்கும் தனியன். காப்பியங்களில் அனுமனின் புலமை வெளிப்படும் இடம் வேறு. வான்மீகத்தின் கிட்கிந்தா காண்டத்தில் இராமன் அவன் பேச்சைக் கேட்டு, இலக்கணம் கற்றவன் என்று தெளிகிறான். தமிழில் 'சொல்லின் செல்வன்' என்னும் பெயர் அவனுக்கு நிலைத்ததும் கேட்டவன் ஒருவன் இருந்தமையால்தான். சுந்தர காண்டத்திலோ இன்னும் நுட்பமான ஒரு நிகழ்ச்சி உண்டு. சீதையின்முன் எம்மொழியில் பேசுவது என அனுமன் தயங்குகிறான். கற்றோர் மொழியில் பேசினால் தன்னை இராவணன் எனக் கருதி அவள் அஞ்சுவாள் என எண்ணி, மக்கள் வழங்கும் மொழியைத் தெரிந்துகொள்கிறான்.

பிறர் சொல்லைக் கடல் கடந்து எடுத்துச் சென்ற தூதன், யாருக்குச் சொல்கிறோம் என்பதை எண்ணியே மொழியைத் தேர்ந்தான். இலக்கணம் முழுதும் அறிந்தவனுக்கும் அத்தயக்கம் தேவைப்பட்டது. பாஸின் கொள்கையில் கவிஞர் உண்டு, குறிகள் உண்டு, பனுவல்கள் உண்டு. கேட்போருக்கு உரிய இடம் தெளிவாக இல்லை. 'ஒத்த விளைவு' என்பது யாரிடம் விளைவது என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. மதுரைக் கவிதை தமிழுக்குத் திரும்பும்போது தோன்றும் சிக்கல் இவ்வினாவிலிருந்து எழுவதே. ஸ்பானிய வாசகருக்கு வியப்பாக இருந்தது தமிழ் வாசகருக்குப் பெயராகிவிட்டதற்குக் காரணம் பனுவலின் மாற்றமன்று, கேட்போரின் மாற்றம். தாமே தூதராக வாழ்ந்த கவிஞர், தூதனான அனுமனைவிட இலக்கண அறிஞனான அனுமனையே தெரிந்துகொண்டது எண்ணத்தக்கது.

8. முடிவுரை

பயணத்தை இடத்தின் பெயர்ப்பாகவும், கலையைக் காலத்தின் பெயர்ப்பாகவும், பண்பாட்டுத் தொடர்பை ஒருவர் நிகழ்காலத்தை மற்றவர் தம் நிகழ்காலமாகப் பெயர்த்துக்கொள்வதாகவும் காணும் பாஸின் சிந்தனை, மொழிபெயர்ப்பை இலக்கியத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தது. பெயர்ப்பை இழப்பாக மட்டும் காணும் மனப்பான்மையை அது தளர்த்துகிறது. 'கவி', 'கீற்று' ஆகிய சொற்கள் அதற்குத் தமிழ் தரும் சான்றுகள். அக்கொள்கை முழுமை பெற, கேட்போர் யார் என்னும் வினா அதனோடு சேர வேண்டும். பாஸின் நூல்களைத் தமிழுக்குக் கொணர்வோர் ஸ்பானிய மொழி வல்லாரும் தமிழ்க் கவிஞரும் இணைந்து அப்பணியை மேற்கொள்வதும், இந்தியச் செய்திகளை அவர் அயலாருக்கு விளக்கும் இடங்களைத் தமிழ் வாசகர் நிலையிலிருந்து மறுபடி எண்ணிப் பார்ப்பதும் இன்றியமையாதன. மீனாட்சியின் கண்களையும் அனுமனின் சொல்லையும் அறிந்த வாசகரிடம் அந்நூல்கள் வரும்போது, பெயர்ப்பாளரின் முதற்கடமை விளக்கம் தருவதன்று. எதனை விளக்காமல் விடுவது என்று தெரிந்துகொள்வதேயாகும்.